தொண்டைச்சதையும் வைத்திய நிர்ணயமும்: ஒரு வரலாற்று நோக்கு

நவீன வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மைப்பால் குத்துதல், மயக்க மருந்து, கிருமிக் கொள்கை, பெனிசிலின் எனப் படிப்படியாக மேலேறிச் செல்லும் ஒரு கதையாக அது அமைகின்றது. அவ்வேற்றம் பொய்யன்று. ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்கு மிக அதிகமாகச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை எதுவென வினவின், கிடைக்கும் விடை அந்த ஏறுமுகக் கதைக்குள் எளிதில் அடங்காது. டொன்சில் எனப்படும் தொண்டைச்சதையை வெட்டியகற்றுதலே அது. பல கோடிப் பிள்ளைகள் அதற்கு உட்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோருக்கு அது வேண்டப்படாத ஒன்றாயிருந்தது என்பதைப் பிற்காலத்து வைத்திய உலகமே ஏற்றுக்கொண்டது.

ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் எத்தீங்கும் விளைக்காது இருந்துவிடக்கூடிய ஒன்றை நோயெனக் கண்டு கூறி, அதற்குச் சிகிச்சையும் செய்வதை இன்று மிகைநோய்நிர்ணயம் என்பர். இச்சொல் புதியதாயினும் பொருள் பழையது. வைத்தியம் வணிகமாகிவிட்டமையே இதற்குக் காரணம் எனப் பலர் ஒரே சொல்லில் முடித்துவிடுவதுண்டு. தொண்டைச்சதையின் வரலாறு அத்துணை எளிதான தீர்ப்புக்கு இடந்தருவதாயில்லை. பணம் அதில் ஒரு பங்கினை வகித்தது என்பதில் ஐயமில்லை. ஆனாற் பணம் கைமாறாத இடங்களிலும் கத்தி ஓயவில்லை என்பதே இவ்வரலாற்றின் நுட்பமான பகுதியாகும்.

தொண்டைச்சதையை அகற்றும் வழக்கம் மிகத் தொன்மையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியரான செல்சசு, தடித்துக் கெட்டிப்பட்ட தொண்டைச்சதையை விரலாற் சுற்றிப் பெயர்த்தெடுக்கும் முறையை எழுதி வைத்துள்ளார். எனினும் 19ஆம் நூற்றாண்டு வரை அது அரிதாகவே செய்யப்பட்டது. 1820களில் பிலடெல்பியா நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணரான பிலிப் சிங் பிசிக் என்பார் சதையைக் கணப்பொழுதில் நறுக்கியெடுக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தலானார். 1868இல் கோபன்ஹேகன் நகரில் வில்ஹெல்ம் மேயர், மூக்கின் பின்புறத்தே வளரும் அடினொயிட்டுச் சதையை விவரித்து, அது மூக்கடைப்பையும் செவிட்டையும் உண்டாக்கக்கூடும் எனக் காட்டினார். இவ்விரு சதைகளும் அதன் பின்னர் ஒன்றாகவே பேசப்பட்டன. பெரும்பாலும் ஒரே மயக்கத்தில் ஒன்றாகவே வெட்டப்பட்டன. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்தமையால் முன்னர் அஞ்சப்பட்ட செயல் சில நிமிடங்களில் முடியும் செயலாயிற்று. அஞ்சவேண்டாத செயலுக்குக் காரணந்தேடுவதும் எளிதாகிவிடுகின்றது.

காரணம் இரு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, அரசு. தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போவர் யுத்தத்திற்கு ஆள் திரட்டியபோது, முன்வந்த இளைஞருட் பலர் உடற்றகுதியற்றோராய்க் காணப்பட்டமை பிரித்தானிய ஆட்சியாளரைத் திடுக்கிட வைத்தது. 1904இல் இது குறித்து ஒரு விசாரணைக் குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டமொன்று பாடசாலைப் பிள்ளைகள் யாவரையும் வைத்திய பரிசோதனைக்கு உட்படுத்தும் கடமையை உள்ளூர்க் கல்வி அதிகாரிகள்மீது சுமத்தியது. அமெரிக்க நகரங்களிலும் ஏறத்தாழ இதே காலத்தில் தொற்றுநோயைக் கண்டறிவதற்கென ஏற்பட்ட பாடசாலைப் பரிசோதனை, மெல்ல மெல்ல உடற்குறைகளைத் தேடும் பரிசோதனையாக விரிந்தது. நோயாளி வைத்தியரை நாடிச் செல்வது போய், வைத்தியர் நோயாளியல்லாதாரை வரிசையில் நிறுத்தி நோக்கும் நிலை உருவாயிற்று. இம்மாற்றத்தின் பெருமை சிறிதன்று. சொறி, பேன், கண்ணோய், பற்சொத்தை, பசி என ஏழைப் பிள்ளைகளின் எத்தனையோ துன்பங்கள் முதன்முதலாக அரசின் கண்ணிற்பட்டன. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கும் எவர்க்கும் தப்பாது தென்படுவது தொண்டைச்சதை. நான்கு வயது முதல் எட்டு வயது வரை அது இயல்பாகவே பெருத்திருக்கும். பருவமெய்துங் காலத்துத் தானே சுருங்கும். பாடசாலை வைத்தியர் கண்டது பெரும்பாலும் அவ்வியல்பான பெருக்கத்தையே.

இரண்டாவது காரணம் கொள்கை வழியாக வந்தது. உடலின் ஒரு மூலையிற் பதுங்கியிருக்கும் கிருமிக்கூட்டம் இரத்தத்தின் வழியாகப் பரவி மூட்டுவாதம், இருதயநோய், சிறுநீரகநோய் என எங்கெங்கோ தீங்கு விளைக்கின்றது என்பதே அக்கொள்கை. சிக்காக்கோவில் பிராங்க் பில்லிங்ஸ் 1910களில் இதனை வலுவாக எடுத்துரைத்தார். பதுங்குமிடங்களுள் முதன்மையானவை பல்லும் தொண்டைச்சதையும் எனக் கருதப்பட்டன. முற்றிலும் அடிப்படையற்ற கொள்கை எனவும் இதனைத் தள்ளிவிட இயலாது. தொண்டையிற் பற்றும் ஒருவகைக் கிருமி பின்னர் வாதக்காய்ச்சலை உண்டாக்கி இருதயத்தைக் கெடுக்கும் என்பது மெய்யே. பெனிசிலின் இல்லாத நாட்களில் அவ்வச்சம் பெற்றோரின் நெஞ்சிற் கனத்திருந்தமையும் இயல்பே. ஆனால் கொள்கை தன் எல்லையைக் கடந்தது. நியூ ஜேர்சி மாநிலத்து ட்ரென்டன் மனநோய் வைத்தியசாலையின் தலைவராயிருந்த ஹென்றி கொட்டன், மனநோய்க்கும் மறைந்த கிருமியே மூலமென நம்பி, நோயாளரின் பற்களையும் தொண்டைச்சதையையும், அவை போதாதபோது பெருங்குடலையும் அகற்றுவித்தார். பலர் அதனால் மாண்டனர். அவர் தம் பதவியில் 1930 வரை இருந்தார்.

1906ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை இவ்விடத்தில் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் நியூயோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே, உருசியப் பேரரசிலிருந்து அண்மையிற் குடியேறிய யூதர் செறிந்து வாழ்ந்த தெருக்களில், பாடசாலைகளின் முன்னே தாய்மார் பெருந்திரளாய்க் கூடினர். கல்லெறிந்து யன்னற் கண்ணாடிகளை உடைத்தனர். பிள்ளைகளை வெளியே விடும்படி கூக்குரலிட்டனர். பாடசாலையிலேயே வைத்து வைத்தியர்கள் பிள்ளைகளின் அடினொயிட்டுச் சதையை வெட்டியிருந்தனர். வாயில் இரத்தக் கறையுடன் வீடு திரும்பிய பிள்ளைகளைக் கண்டதும், பிள்ளைகளின் கழுத்தை அறுக்கின்றார்கள் என்ற வதந்தி தெருத்தெருவாய்ப் பரவியது. அதே மாதத்தில் உருசியப் பேரரசின் பியலிஸ்ரொக் நகரில் யூதர் கொன்று குவிக்கப்பட்ட செய்தி அத்தாய்மாருக்கு எட்டியிருந்தது. ஆட்சியாளரின் கையில் ஆயுதத்தைக் கண்டால் நடுங்கப் பழகியிருந்தோர் அவர்கள். மறுநாட் செய்தித்தாள்கள் அவர்களை அறியாமை மிக்கோராகச் சித்திரித்தன. சத்திரசிகிச்சை செய்தோர் நல்லெண்ணத்துடனேயே, கட்டணம் கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு உதவும் நோக்குடனேயே அதனைச் செய்தனர் என்பதும் உண்மை. கழுத்தறுப்பு என்ற வதந்தி பொய்யே. எனினும், நோயென்று தாம் முறையிடாத ஒன்றிற்காகத் தம் பிள்ளை ஏன் வெட்டப்படவேண்டும் என்ற கேள்வி அவ்வதந்தியுள் மறைந்து கிடந்தது. அதற்கு அன்று எவரும் விடையளித்திலர்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டனில் ஜோர்ஜ் பேர்ணாட் ஷாவின் 'வைத்தியரின் இக்கட்டு' என்ற நாடகம் அரங்கேறியது. அதில் வரும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் உலகிலுள்ள நோய்களெல்லாம் ஒரேயொரு சிறுபையிலிருந்தே தோன்றுகின்றன என நம்பி, அகப்பட்டோர்க்கெல்லாம் அதனை வெட்டியெறிய முனைகின்றார். அப்படியோர் உறுப்பு மனித உடலில் இல்லை; அது ஷாவின் கற்பனை. பின்னர் நாடகத்திற்கு எழுதிய முன்னுரையில், சத்திரசிகிச்சை செய்வதால் வருமானம் பெறுபவரையே அது வேண்டுமா எனத் தீர்மானிக்கவும் விடுகின்ற ஏற்பாட்டினை அவர் கடுமையாகத் தாக்கினார். இலண்டன் அவையோர் ரசித்துச் சிரித்த ஐயமும் நியூயோர்க்குத் தாய்மாரின் ஐயமும் ஒரே வினாவின் இரு வடிவங்களே. முன்னது இலக்கியமாகப் போற்றப்பட்டது. பின்னது பொலிசாரின் தடியால் அடக்கப்பட்டது.

முதலாம் உலகப்போரின் பின்னர் இச்சத்திரசிகிச்சை வெள்ளமெனப் பெருகிற்று. நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில், 1920களின் தொடக்கத்தில், புகைப்படக் கருவித் தொழிலதிபரான ஜோர்ஜ் ஈஸ்மனின் நன்கொடையைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு முகாமில், சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தொண்டைச்சதை அகற்றப்பட்டது. தர்மமும் நிர்வாகத் திறனும் இங்கே கைகோத்து நின்றன. இந்நகரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அங்கு வாழ்ந்த குழந்தை வைத்தியரான அல்பேர்ட் கைசர், செய்து முடித்ததோடு நின்றுவிடாது, விளைவு யாது எனத் தேடத் தொடங்கினார். சத்திரசிகிச்சை பெற்ற 2,200 பிள்ளைகளையும் பெறாத 2,200 பிள்ளைகளையும் அவர் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கி, 1930இல் முடிவை வெளியிட்டார். தொண்டைநோவு வெட்டப்பட்டோரிடம் முதற்சில ஆண்டுகளிற் குறைவாயிருந்தது. பத்தாண்டுகள் கழிந்தபோது அவ்வேறுபாடு பெரிதும் தேய்ந்துவிட்டது. சளி, மார்புச்சளி, நுரையீரல் அழற்சி முதலியன வெட்டப்பட்டமையாற் குறைந்தனவாகத் தெரியவில்லை.

இத்தகைய முடிவு வெளிவந்த பின்னரும் வைத்தியர்கள் தம் வழக்கத்தை ஏன் கைவிட்டிலர்? பிடிவாதம் என்பது போதிய விடையன்று. பிள்ளைகளின் தொண்டைநோவு பாடசாலை செல்லத் தொடங்கும் வயதில் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே குறைந்து செல்வது. தொல்லை மிகுந்திருக்கும் ஆண்டிலேயே பெற்றோர் வைத்தியரிடம் செல்வர். அவ்வாண்டிலேயே சதை வெட்டப்படும். அடுத்த ஆண்டு பிள்ளை நலமாயிருக்கும். வெட்டாது விட்டிருந்தாலும் நலமாயிருந்திருக்கும் என்பதை அந்தப் பெற்றோரும் அறியார். அந்த வைத்தியரும் அறியார். நன்றி சொல்ல வரும் ஒவ்வொரு தாயும் வைத்தியரின் நம்பிக்கைக்கு மேலுமொரு சான்றாயினாள். அனுபவம் என வைத்தியர் போற்றும் அறிவு அவரை ஏமாற்றும் வகைகளுள் இதனைவிட வலியது பிறிதில்லை எனலாம். கைசர் செய்ததுபோல, வெட்டப்படாதோரையும் எண்ணியவர்களுக்கு மட்டுமே மறுபக்கம் தெரிந்தது.

இவ்வரலாற்றின் உச்சக்கட்டம் 1934இல் வெளியான ஓர் ஆய்வாகும். அமெரிக்கச் சிறுவர் சுகாதாரச் சங்கம் நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் அதனை நடத்தியது. அச்சங்கம் வைத்தியத்தை ஐயுற்றதொன்றன்று. உடற்குறைகளைக் கண்டறிந்து திருத்தும் பணி மந்தமாக நடைபெறுகின்றதே எனக் கவலையுற்று, அதனை விரைவுபடுத்தும் வழிதேடியே ஆய்விற் புகுந்தது. 11 வயதுடைய 1,000 பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 611 பேருக்குத் தொண்டைச்சதை ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைப் பாடசாலை வைத்தியர்கள் பரிசோதித்து, 174 பேருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்றனர். வேண்டாம் எனக் கூறப்பட்ட 215 பேரும், முன்னைய முடிவு தெரிவிக்கப்படாமல், வேறு வைத்தியர்களிடம் அனுப்பப்பட்டனர். அவ்வைத்தியர்கள் 99 பேருக்கு வேண்டும் என்றனர். இருமுறை தப்பிய 116 பேர் மூன்றாவது முறையும் அனுப்பப்பட, 51 பேருக்கு வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. மும்முறை பரிசோதனையின் பின்னரும் தொண்டைச்சதைக்கு ஆபத்தின்றி எஞ்சியோர் 65 பேர். அதன் மேல் ஆய்வு தொடரவில்லை.

இவ்வெண்களின் பொருளைச் சற்று நின்று நோக்கவேண்டும். முதன்முறை 45 வீதம். இரண்டாம் முறை 46 வீதம். மூன்றாம் முறை 44 வீதம். தொண்டைச்சதையின் நிலையே தீர்ப்பை வழங்கியிருக்குமாயின், நோயுற்றோர் முதற்சல்லடையிலேயே பெரும்பாலும் பிடிபட்டிருப்பர். இரண்டாவது சல்லடையில் வீழ்வோர் சிலராகவும், மூன்றாவதில் வீழ்வோர் அரிதினும் அரிதாகவும் இருந்திருப்பர். நிகழ்ந்தது அதுவன்று. எத்தகைய பிள்ளைகளை முன்னே நிறுத்தினும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குறையுடையோர் என்ற எதிர்பார்ப்பு வைத்தியரின் கண்ணில் முன்னரே குடியிருந்தது. ஒப்பீட்டளவிற் பெரிய சதை நோயுற்ற சதையாகத் தோன்றியது. பெரியவை நீக்கப்பட்டபின் எஞ்சியவற்றுட் பெரியது அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. வைத்தியர்கள் பொய்யுரைத்தார்கள் என்றோ பணத்தாசை கொண்டார்கள் என்றோ இங்கு கூறுவதற்கில்லை. அப்பரிசோதனையில் எவருக்கும் சத்திரசிகிச்சைக் கட்டணம் கிடைக்கவிருக்கவில்லை. நோய் பிள்ளையின் தொண்டையிலன்று, பரிசோதனை என்னும் செயலிலேயே பிறந்தது.

இவ்வாய்வு வைத்திய உலகின் பரந்த கவனத்தைப் பெற மேலும் பத்தாண்டுகள் சென்றன. 1945இல் குழந்தை வைத்தியரான ஹரி பக்வின், குழந்தை வைத்தியத்தில் வேரூன்றிய பொய்ந்நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதனை எடுத்தாண்டார். 17ஆம் நூற்றாண்டு அறிஞரான தோமஸ் பிரவுண் மக்களிடையே வழங்கிய மூடநம்பிக்கைகளைத் திரட்டி எழுதிய நூலின் பெயரைச் சிறிது மாற்றித் தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கிக்கொண்டமை பக்வினின் குறும்பு. பாமரரின் நம்பிக்கைகளை எள்ளுதற்கு எழுந்த பெயர், வைத்தியரின் நம்பிக்கைகளுக்குச் சூட்டப்பட்டது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்பார் வேறொரு வழியால் அதே முடிவை அணுகினார். பாடசாலை வைத்திய சேவையில் உயர்பதவி வகித்த அவருக்கு நாடெங்கிலுமிருந்து வரும் ஆண்டறிக்கைகள் கிட்டின. 1938இல் இலண்டன் வைத்தியச் சங்கமொன்றின் முன் அவர் படித்த கட்டுரை, பிற்காலத்தில் ஒரு துறைக்கே தோற்றுவாயாயிற்று. அருகருகேயுள்ள ஊர்களிடையே இச்சத்திரசிகிச்சையின் அளவு வியக்கத்தக்க முறையில் வேறுபட்டிருந்தமையை அவர் காட்டினார். கெண்ட் மாவட்டக் கடற்கரையில் மார்கேட்டும் ராம்ஸ்கேட்டும் அண்டை ஊர்கள். ஒரே காற்று, ஒரே கடல். மார்கேட்டுப் பிள்ளைகள் ராம்ஸ்கேட்டுப் பிள்ளைகளைவிட எட்டு மடங்கு அதிகமாக வெட்டப்பட்டனர். காலநிலை, வறுமை, நெருக்கமான குடியிருப்பு, பற்சொத்தை என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நோக்கியும் காரணம் அகப்படவில்லை. வைத்தியரின் அபிப்பிராயம் ஒன்றே எஞ்சியது. இலண்டனின் வடக்கிலுள்ள ஹோர்ன்சியில் பாடசாலை வைத்திய அதிகாரி மாறியதும், முன்னர் நடந்துவந்த சத்திரசிகிச்சைகளின் தொகை பத்திலொரு பங்களவிற்குச் சுருங்கியது. அவ்வூர்ப் பிள்ளைகளின் உடல்நலம் அதனாற் கெட்டதாகத் தெரியவில்லை.

வணிகம் பற்றிய வினாவுக்குக் குளோவரின் எண்கள் இருமுனை கொண்ட விடையைத் தருகின்றன. வசதிமிக்கோரின் பிள்ளைகள் ஏழைப் பிள்ளைகளைவிடக் குறைந்தது மூன்று மடங்கு அதிகமாக வெட்டப்பட்டனர். சளியும் தொண்டைநோவும் நெருக்கடியான வீடுகளிலேயே மிகுதி என்பதால், தேவையே காரணமாயின் நிலைமை தலைகீழாய் இருந்திருக்கவேண்டும். கொடுக்கக் கூடியவனிடம் கத்தி விரைந்து சென்றது என்பது தெளிவு. ஆனால் மார்கேட்டிலும் ராம்ஸ்கேட்டிலும் எண்ணப்பட்டவை பொதுப்பணத்தில் நடைபெற்றவை. வைத்தியருக்கு இலாபமில்லாத இடத்திலும் ஓர் ஊரின் வழக்கம் மற்றோர் ஊரின் வழக்கத்தைப்போல் எட்டு மடங்காய் இருக்கமுடிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட குறைகளின் தொகையும் திருத்தப்பட்ட குறைகளின் தொகையும் ஆண்டறிக்கையில் சேவையின் சாதனைகளாக அச்சிடப்பட்டன. குறையற்ற பிள்ளைகளைக் குறையற்றோராய் விட்டமை எந்தப் பத்தியிலும் பதியப்படவில்லை. பணத்தைப்போலவே பெயரும் ஒரு வருவாயே.

இவ்வழக்கத்திற்கு விலை இருந்தது. 1931 முதல் 1935 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் இச்சத்திரசிகிச்சையின் பயனாய் ஆண்டொன்றுக்குச் சராசரி 85 பேர் இறந்தனர். பெரும்பாலோர் 15 வயதுக்குட்பட்டோர். மயக்க மருந்தும் குருதிப் பெருக்கும் முக்கிய காரணங்கள். செய்யப்பட்ட தொகையோடு ஒப்பிடின் இது சிறுபங்கெனத் தோன்றலாம். காலையில் நடந்து சென்ற பிள்ளை மாலையிற் சடலமாய்த் திரும்பிய வீடுகளில் அப்பங்கு எங்ஙனம் தோன்றியிருக்கும் என்பது வேறு. 1940களில் மற்றோர் ஆபத்தும் புலனாயிற்று. ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் 1941இல், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐவருக்குத் தொண்டைச்சதை அகற்றப்பட்டது. சில நாட்களுள் ஐவரும் இளம்பிள்ளைவாதத்தின் மிகக் கொடிய வகைக்கு ஆளாயினர், மூவர் இறந்தனர். வெட்டுண்ட தொண்டை அந்நோய்க் கிருமிக்கு மூளையடியை எட்டும் வழியைத் திறந்துவிடுகின்றது எனப் பின்னர் விளக்கப்பட்டது. பயனற்ற சதையெனக் கருதப்பட்டது உடலின் காவலரண்களுள் ஒன்று என்பதும், நோயெதிர்ப்பியல் வளர்ந்த பின்னரே தெளிவாகியது.

இவ்வளவுக்குப் பின்னும் வெள்ளம் உடனே வடியவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1959இல் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கு இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. குளோவர் கட்டுரை படித்து அப்பொழுது 21 ஆண்டுகள் கடந்துவிட்டன. அறிவு அச்சேறுவதும் வழக்கம் மாறுவதும் இருவேறு நிகழ்ச்சிகள் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. பெனிசிலினின் வரவும், இளம்பிள்ளைவாத அச்சமும், குழந்தை வைத்தியர் என்ற தனிப்பிரிவினரின் வளர்ச்சியும் சேர்ந்தே மெல்லத் தொகையைக் குறைத்தன.

1973இல் யோன் வென்பேர்க்கும் அலன் கிட்டெல்சனும் வெர்மொன்ட் என்ற சிறு மாநிலத்தின் 13 வைத்தியசாலைப் பகுதிகளை ஆராய்ந்து கண்டது, குளோவரின் இங்கிலாந்து கடல் கடந்து வந்து குடியிருந்ததுபோல் இருந்தது. பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றில் 13 தொண்டைச்சதைச் சிகிச்சைகள் நடக்கும் பகுதியும், 151 நடக்கும் பகுதியும் ஒரே மாநிலத்தில் இருந்தன. வென்பேர்க்கின் சொந்தப் பிள்ளைகள் படித்த பாடசாலை அமைந்த பகுதியில், 15 வயதுக்குள் தொண்டைச்சதையை இழந்தோர் ஏறத்தாழ 20 வீதத்தினர். அயற்பகுதியொன்றில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர். சில மைல் தள்ளி வீடு வாங்கியிருப்பின் அப்பிள்ளைகளின் தொண்டைக்கு வேறு விதி நேர்ந்திருக்கும். எண்கள் அந்த அயற்பகுதி வைத்தியர்களின் முன் வைக்கப்பட்டன. அவர்கள் சினங்கொள்ளவில்லை. தமது நோயாளரின் பதிவுகளைத் தாமே மீளாய்ந்தனர். தொகை மிகப்பெரிதும் வீழ்ந்தது. அயலாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை, தாம் மிகையாகச் செய்கின்றோம் என அவர்களுள் எவரும் எண்ணியிருக்கவில்லை.

இறுதியில், பிட்ஸ்பேர்க் நகரில் ஜாக் பரடைஸ் என்பாரும் துணைவரும் இச்சத்திரசிகிச்சை யாருக்கு உண்மையில் வேண்டும் என முறையாகச் சோதித்தனர். அடிக்கடி தொண்டைநோவு வருவதாகப் பெற்றோராற் கூறப்பட்ட, ஆனால் அதற்கு எழுத்துச் சான்றில்லாத பிள்ளைகளைச் சத்திரசிகிச்சை செய்யாது தொடர்ந்து நோக்கி, 1978இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நோக்கப்பட்ட 65 பிள்ளைகளுள் 11 பேரிடமே கூறியவாறு நோய் தொடர்ந்து காணப்பட்டது. 1934இல் மும்முறை தப்பியோரின் தொகையும் 65 என்பது தற்செயலே. எனினும் அவ்வெண்ணைக் காணும்போது பழைய கணக்கு நினைவுக்கு வராமற் போவதில்லை. 1984இல் வெளியான அவர்களின் அடுத்த ஆய்வு, ஓராண்டில் ஏழு முறை அல்லது அதனினும் மிகையாகத் தொண்டை அழற்சி வந்தமை பதிவுகளால் உறுதிப்பட்ட பிள்ளைகள் போன்ற கடும் நோயுற்றோருக்கு, முதல் இரண்டு ஆண்டுகளிலாவது சத்திரசிகிச்சை பயன்தருகின்றது எனக் காட்டியது. வெட்டப்படாதோரும் நாளடைவிற் பெரும்பாலும் தேறினர் என்பதையும் அதுவே காட்டியது. ஆக, தொண்டைச்சதைச் சிகிச்சை ஒரு பொய்ச் சிகிச்சையன்று. சிலருக்குரிய மருந்து அனைவருக்கும் சடங்காக்கப்பட்டமையே நிகழ்ந்த தவறு. 1987 அளவில் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுத்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்திருந்தது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் பிள்ளைகளுக்காக அது பின்னர் மீண்டும் ஓரளவு உயர்ந்தமை வேறு கதை.

தொண்டைச்சதையை விட்ட கண், அதே கழுத்தில் மற்றோர் உறுப்பின்மேல் விழுந்த நிகழ்ச்சி தென்கொரியாவுக்குரியது. 1999இல் அந்நாட்டு அரசு சிலவகைப் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியும் தேசியத் திட்டமொன்றை ஆரம்பித்தது. கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் புற்றுநோய் அத்திட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் வைத்தியசாலைகள் சிறு கட்டணத்திற்கு அதற்குரிய ஒலியலைப் பரிசோதனையையும் சேர்த்து வழங்கின. வயதுவந்தோர் பலரின் சுரப்பியில் நுண்ணிய புற்றுக்கட்டி வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடப்பதுண்டு என்பது பிரேத பரிசோதனைகளிலிருந்து நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. தேடியபோது அவை கிடைத்தன. 2011இல் தைரொயிட்டுப் புற்றுநோயாளரெனக் கண்டறியப்பட்டோரின் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அவ்வோராண்டில் 40,000க்கு மேற்பட்டோர். அந்நோயால் இறந்தோரின் விகிதமோ இக்காலம் முழுவதிலும் மாறவில்லை. நோய் உண்மையிற் பெருகியிருப்பின் சாவும் பெருகியிருக்கவேண்டும். தேடல் உயிர்களைக் காத்திருப்பின் சாவு குறைந்திருக்கவேண்டும். இரண்டும் நிகழவில்லை. கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ அனைவரும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. பலருக்கு உடலின் கல்சியச் சமநிலை குலைந்தது. 2014இல் கொரிய வைத்தியர் சிலர் கூடி, அறிகுறியற்றோருக்கு இப்பரிசோதனையைச் செய்யவேண்டாம் எனப் பகிரங்கமாக வேண்டினர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதனைப் பெரிதும் பேசின. ஓராண்டுக்குள் தைரொயிட்டுச் சத்திரசிகிச்சைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. அதற்கு முன்னர் சுரப்பியை முற்றாக இழந்தோர், அது சுரந்த இயக்குநீருக்கு ஈடான குளிசையை நாள்தோறும், உயிருள்ளவரை, விழுங்கவேண்டியவராயினர்.